வேகத்தைக் கூட்டினால் துளி உடைந்துவிடுமா?

சாய்ந்தமருதில் பழைய பிளாஸ்டிக்கை அரைத்து உருக்கி, பேசினும் வாளியும் வார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கும் கேள்வி இது. உடைந்த பிளாஸ்டிக் கதிரைகள் 80 பங்கு, பொலித்தீன் பைகள் 20 பங்கு என்று சேர்த்து உருக்குகிறார். வார்த்தெடுத்த பேசினின் விளிம்பை நகத்தால் கீறினால் தோல் தோலாக உரிந்து வருகிறது. ஸ்குரூவின் வேகத்தைக் கூட்டிப் பார்த்தார். சூட்டையும் 200 பாகையிலிருந்து 230 வரை ஏற்றிப் பார்த்தார். உரிவது நிற்கவில்லை. "உள்ளே இருக்கும் துளிகள் சரியாக உடையவில்லை" என்று யாரோ சொல்ல, அவர் தேடிப் படித்திருக்கிறார். மீள்தன்மை உள்ள திரவத்தில் துளி இலகுவாக உடையும் என்று ஓரிடத்தில் இருக்கிறது, உடையாமல் அடம்பிடிக்கும் என்று இன்னோரிடத்தில் இருக்கிறது. எதை நம்புவது என்று கேட்கிறார்.

தம்பி, இரண்டு பக்கத்தாரும் உள்ளதைத்தான் எழுதியிருக்கிறார்கள்; அவர்கள் பார்த்த துளிகள்தான் வேறு வேறு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் ஹீட்டரைப் பழைய இடத்துக்கு இறக்குங்கள், முடிந்தால் அதற்கும் கீழே. சூடு ஏற்றியது உங்கள் சிக்கலைக் கூட்டியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஏன் என்று விளங்க, பரலுக்குள், அதாவது ஸ்குரூ சுழலும் குழாய்க்குள், என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும்.

கதிரை பொலிப்புரொப்பிலீன், பை பொலிஎதிலீன். இரண்டிலும் இருப்பது காபனும் ஐதரசனும் மட்டுமே. பெயரைப் பார்த்தால் அண்ணன் தம்பி. ஆனால் உருகிய நிலையில்கூட இவை ஒன்றோடொன்று கலப்பதில்லை. சிறிய மூலக்கூறுகளாக இருந்தால், சின்னச் சின்ன வெறுப்பு இருந்தாலும் கலைந்து கலந்துவிடும். ஆயிரக்கணக்கான கண்ணிகள் கோத்த நீளச் சங்கிலிகளுக்கு அப்படிக் கலைந்து போவதால் கிடைக்கும் இலாபம் மிகக் குறைவு. ஒரு கண்ணிக்கு இம்மியளவு வெறுப்பு இருந்தால் போதும், முழுச் சங்கிலியும் விலகிவிடும். ஆகவே உங்கள் மெசினுக்குள் இருப்பது கரைசல் கிடையாது. கதிரை உருக்குக்குள் மிதக்கும் பொலித்தீன் துளிகள்.

பிரித்தெடுக்கலாமே என்று கேட்பீர்கள். போத்தல் பிளாஸ்டிக்கின் அடர்த்தி 1.38 அளவு, தண்ணீரில் போட்டால் தாழும். இந்த இரண்டுமோ 1க்குக் கீழே, சேர்ந்தே மிதக்கும். அதனால்தான் உலகம் முழுவதும் கழிவுப் பிளாஸ்டிக்கில் இந்தச் சோடி பிரியாமல் வந்து நிற்கிறது. (அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பொலித்தீன் தின்று சாகும் செய்தி 2022இல் உலகம் எங்கும் போனது. அந்தப் பையை யாராவது ஏதாவது செய்தே ஆகவேண்டும். உங்கள் வேலையைச் சின்ன வேலை என்று யாரும் சொல்லவேண்டாம்.)

ஒரு துளியை எடுத்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள உருக்கு படை படையாக ஒன்றின்மேல் ஒன்று சறுக்கி ஓடுகிறது. அந்தச் சறுக்கல் துளியை இழுத்து நீட்டப் பார்க்கிறது. இரண்டு பிளாஸ்டிக்கும் தொடும் இடத்திலுள்ள இடைமுக இழுவை, துளியைத் திரும்பவும் உருண்டையாக்கப் பார்க்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத்தான் மயிர்த்துளை எண் என்கிறோம். சுற்றியுள்ள உருக்கின் பிசுக்குமை (ஓட மறுக்கும் தடிப்பு), சறுக்கு வீதம் (படைகள் எவ்வளவு விரைவாகச் சறுக்குகின்றன என்பது), துளியின் ஆரை மூன்றையும் பெருக்கி, இடைமுக இழுவையால் பிரித்தால் அந்த எண் வரும். எண் சிறிதென்றால் துளி கொஞ்சம் நீண்டு நிற்கும். ஓர் எல்லையைத் தாண்டினால் நிற்காமல் நீண்டுகொண்டே போய் உடையும்.

இதை முதலில் ஒழுங்காகக் கணக்குப் போட்டவர் ஜெஃப்ரி டெய்லர் என்ற ஆங்கிலேயர். 1932இல் கணக்கையும், 1934இல் பரிசோதனையையும் வெளியிட்டார். அவர் துளிகளை மிதக்கவிட்டது, சீனி சுத்திகரிப்பில் கிடைக்கும் பொன்னிறப் பாகில். தெளிவாக இருக்கும், பிசுக்குமையும் கூட. நம் ஹிங்குராணைச் சீனி ஆலையின் கழிவுப்பாகும் பிசுக்கில் குறைந்ததில்லை, ஆனால் அந்தக் கறுப்புக்குள் துளி எங்கே என்று யார் தேடுவது! டெய்லரிடம் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்றில் இரண்டு பட்டிகள் எதிரெதிர்த் திசையில் ஓடும், நடுவில் சுத்தமான சறுக்குப் பாய்ச்சல். மற்றதில் நான்கு உருளைகள் சுழன்று நடுவில் நீட்டிப் பாய்ச்சலை உண்டாக்கும். இந்த இரண்டின் வித்தியாசத்தில்தான் உங்கள் கேள்வியின் பாதி விடை இருக்கிறது.

முதலில் உங்கள் மெசினுக்கே கணக்குப் போடுவோம். 45 மில்லிமீற்றர் ஸ்குரூ, நிமிடத்துக்கு 60 சுற்று, கடைசிப் பகுதியில் காடியின் ஆழம் சுமார் 3 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள். சறுக்கு வீதம் செக்கனுக்கு ஏறத்தாழ 47 வரும். 50 என்று வைப்போம். உருகிய கதிரைப் பிளாஸ்டிக்கின் பிசுக்குமையை 500 பஸ்கால் செக்கன் என்று கொள்வோம். தண்ணீரைப்போல ஐந்து இலட்சம் மடங்கு அது. இந்தச் சோடியின் இடைமுக இழுவை மீற்றருக்கு 0.001 நியூட்டன் அளவில்தான் இருக்கும், மிகச் சிறியது. எல்லை எண் 0.5 என்று போட்டால், உடையாமல் தப்பக்கூடிய துளியின் ஆரை 20 நானோமீற்றர் என்று வருகிறது. அதாவது மில்லிமீற்றரில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு.

இந்த விடை உண்மையானால் உங்கள் பேசின் உரியவே உரியாது. இப்படிப்பட்ட கலவைகளை வெட்டி இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் துளிகள் மைக்ரோமீற்றர் கணக்கில், அதாவது இதைவிட ஐம்பது நூறு மடங்கு பெரிதாகத்தான் கிடக்கும். சரி, அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது? மூன்று காரணங்கள் சேர்ந்து செய்யும் வேலை அது: துளிக்கும் சூழலுக்கும் உள்ள பிசுக்குமை விகிதம், மீள்தன்மை, உடைந்த துளிகள் மறுபடி சேர்வது.

விகிதம் உங்களுக்கு மிக முக்கியம், அதனால் அதை விரித்தே சொல்கிறேன். டெய்லரின் கணக்குப்படி, நீட்சி சிறிதாக இருக்கும்போது துளியின் பிசுக்குமை பெரிதாகக் குறுக்கிடாது. துளி தண்ணீர்மாதிரி இருந்தாலும் தார்மாதிரி இருந்தாலும் நீட்சியைத் தீர்மானிக்கும் குணகம் 1க்கும் 1.19க்கும் இடையிலேயே நிற்கும். உடைவில் கதை முற்றாக மாறுகிறது. துளியின் பிசுக்குமை பாகினுடையதைப்போல 20 மடங்காக இருந்தபோது, பட்டிக் கருவியில் டெய்லர் எவ்வளவு வேகமாக ஓட்டியும் துளி உடையவில்லை. கொஞ்சம் நீண்டு, பாய்ச்சலின் திசையில் சரிந்து, அப்படியே நின்றது. அதே துளி நான்கு உருளைக் கருவியில் உடைந்தது.

காரணம் இதுதான். சறுக்குப் பாய்ச்சலில் பாதி இழுவை, பாதி சுழற்சி. பாய்ச்சலுக்கு 45 பாகைச் சாய்வில் இழுவை மிகக் கூட. துளி இளகியதாக இருந்தால் அந்தச் சாய்வில் இருக்கும்போதே நீண்டுவிடும். துளி இறுகியதாக இருந்தால், அது நீளத் தொடங்குமுன் சுழற்சி அதைத் திருப்பிவிடுகிறது; நீட்டிய பக்கம் அமுக்கும் பக்கமாகிறது. ஆக, துளி உருண்டு உருண்டே தப்பித்துக்கொள்கிறது. நீட்டிப் பாய்ச்சலில் சுழற்சி இல்லை, தப்பிக்க வழியும் இல்லை.

அமெரிக்காவின் டுபொண்ட் நிறுவனத்தில் வேலைசெய்த கிரேஸ் என்பவர் இதை மிகப் பரந்த வீச்சில் அளந்தார். 1971 மாநாடொன்றில் சொன்ன முடிவுகள் 1982இல் அச்சில் வந்தன. இன்றும் இத்துறையில் எல்லாரும் முதலில் திறந்து பார்ப்பது அவருடைய வளைகோட்டைத்தான். விகிதம் 0.1க்கும் 1க்கும் இடையில் இருந்தால் சறுக்குப் பாய்ச்சலில் துளி மிக இலகுவாக உடையும், எல்லை எண் அரையை ஒட்டி இருக்கும். விகிதம் ஏறத்தாழ 4ஐத் தாண்டினால் சறுக்கலால் மட்டும் உடைக்கவே முடியாது. வேகத்தைப் பத்து மடங்காக்கினாலும் இதுதான் நிலை.

இப்போது உங்கள் கதிரையையும் பையையும் பாருங்கள். கதிரை ஊசிவார்ப்புத் தரம். அச்சுக்குள் விரைவாக ஓடி நிரம்பவேண்டும் என்பதற்காகவே பிசுக்குமை குறைந்ததாகச் செய்யப்பட்டது. அதன் உருகுபாய்ச்சல் எண் (கூடினால் உருக்கு இலகுவாக ஓடும் என்று பொருள்) பொதுவாக 10ஐ ஒட்டியோ மேலேயோ இருக்கும். பை ஊதிய படலத் தரம். ஊதும்போது கிழியாமல் நிற்க நீளமான சங்கிலிகள் வேண்டும், எண் 1ஐ ஒட்டியோ அதற்கு வெகுவாகக் கீழேயோ இருக்கும். இரண்டும் ஒரே சூட்டில் அளக்கப்படுவதில்லை, அதனால் நேரே வகுத்து விகிதம் எடுக்கவேண்டாம். ஆனால் திசை தெளிவு: துளி இறுகியது, சூழல் இளகியது. போதாக்குறைக்கு, நம் வெயிலில் வருடக்கணக்காகக் கிடந்த கதிரையின் சங்கிலிகள் அறுந்து குட்டையாகியிருக்கும். பொலிப்புரொப்பிலீன் வெயிலிலும் சூட்டிலும் அறுபடும் இனம். பொலிஎதிலீன் பெரும்பாலும் எதிர்ப்பக்கம், சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து இன்னும் தடிக்கும். பழசாக ஆக, விகிதம் கூடிக்கொண்டே போகிறது.

சூட்டை ஏற்றினால் என்ன ஆகும்? இரண்டின் பிசுக்குமையும் குறையும், ஆனால் ஒரே அளவில் குறையாது. மொறுமொறுவென்று சத்தம் போடும் பைகள் அடர்த்தி கூடிய பொலிஎதிலீன்; அதன் பிசுக்குமை சூட்டுக்கு அசைவது குறைவு. பொலிப்புரொப்பிலீன் அதைவிட அதிகமாக இளகும். ஆக 230 பாகையில் சூழல் தண்ணியாகிறது, துளி அவ்வளவாக இளகுவதில்லை. துளியை இழுக்கும் தகைப்பு குறைகிறது, விகிதம் இன்னும் மோசமாகிறது, கதிரைச் சங்கிலிகளும் கூடுதலாக அறுகின்றன. மூன்றும் உங்களுக்கு எதிர். மெதுமெதுப்பான, கிளைத்த பொலிஎதிலீன் பைகள் சூட்டுக்கு நன்றாகவே இளகும், அவற்றுக்கு இந்தக் கணக்கு வேறு. முடிந்தால் இரண்டு வகைப் பையையும் பிரித்து வையுங்கள்.

வேகத்தைக் கூட்டியதைப் பிழை என்று சொல்லமாட்டேன். படலத் தரப் பொலிஎதிலீன் வேகமான சறுக்கலில் வேறு பல உருக்குகளைவிட அதிகமாக இளகும், அதனால் விகிதம் சற்று இறங்கலாம். ஆனால் வேகம் கூடினால் உராய்வில் உருக்கின் சூடும் ஏறும். ஹீட்டர் மீற்றர் 200 காட்டும்போதே உருக்கு அதற்கு மேலே இருக்கும். ஒரு கையால் கொடுத்ததை மறு கை எடுத்துக்கொள்கிறது.

இனி மீள்தன்மைக்கு வருகிறேன். டெய்லரின் பாகுக்கு நினைவு இல்லை. இழுப்பதை நிறுத்தினால் அந்தக் கணமே மறந்துவிடும். உங்கள் உருக்குக்கு நினைவு உண்டு. டையிலிருந்து, அதாவது உருக்கு வெளியேறும் வாயிலிருந்து, வெளிவரும் நூல் துவாரத்தைவிடத் தடித்து வருவதைத் தினமும் பார்த்திருப்பீர்கள். உள்ளே நெரிந்து நீண்ட சங்கிலிகள் வெளியே வந்ததும் சுருங்கித் தங்கள் பழைய நிலைக்குப் போகப் பார்க்கின்றன, அவ்வளவுதான். இப்படிப்பட்ட திரவம் சறுக்கி ஓடும்போது பாய்ச்சல் கோடுகளின் வழியே ஓர் இழுவிசை தோன்றும். முட்டை வெள்ளைக்கருவைக் கோலால் சுழற்றினால் அது கோலில் ஏறுவது இதனால்தான். 1940களில் கார்ல் வைசன்பெர்க் இதை விளக்கினார்.

மீள்தன்மை துளிக்குள் இருந்தால் விடையில் பெரிய சர்ச்சை இல்லை. துளி நீளும்போது உள்ளே சுற்றிச் சுற்றி ஓடும் உருக்கில் சங்கிலிகள் இழுபட்டு, அந்தச் சுற்றுக் கோடுகளை உள்நோக்கி இறுக்குகின்றன. இடைமுக இழுவைக்கு ஒரு கூட்டாளி சேர்ந்துகொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உடைக்க அதிக விசை வேண்டும், நீண்ட துளி விட்டவுடன் துள்ளித் திரும்பும். எவ்வளவு பெரிய விளைவு என்று அறிய இரண்டு நேரங்களை ஒப்பிட்டால் போதும். ஒன்று, நீண்ட துளி இடைமுக இழுவையால் உருண்டையாகத் திரும்ப எடுக்கும் நேரம்: நம் கணக்கில் 1 மைக்ரோமீற்றர் ஆரைத் துளிக்கு அரைச் செக்கன். மற்றது, சங்கிலிகள் இழுபட்டதை மறக்க எடுக்கும் நேரம்: நீளக் கிளைகள் உள்ள மெதுமெதுப்பான பொலித்தீனில் அது பல செக்கன்கள்கூட ஆகும். மறதி மெதுவாக இருந்தால் மீள்தன்மைதான் ஆட்சி செய்யும்.

இதில் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. துளி சிறுக்கச் சிறுக்க முதல் நேரம் குறைகிறது, ஆரை பத்தில் ஒன்றானால் நேரமும் பத்தில் ஒன்று. மறக்கும் நேரமோ அப்படியே இருக்கிறது. அதனால் ஒரே பொருளாலான துளி, உடைந்து சிறுக்கும் ஒவ்வொரு படியிலும் முன்னைவிட மீள்தன்மை கூடியதுபோல நடந்துகொள்ளும். 20 நானோமீற்றர் என்ற கணக்கு ஏன் கைக்கு எட்டுவதில்லை என்பதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மீள்தன்மை சூழலில் இருக்கும்போதுதான் ஆட்கள் முரண்படுகிறார்கள். 1985இல் எல்மெண்டோர்ப்பும் மால்க்கேயும், 1998இல் மிக்ரி, கரோ, அஜி ஆகியோரும், சூழலின் மீள்தன்மை துளியை அதிகம் நீட்டி உடைய உதவுவதாகக் கண்டார்கள். 2004இல் நேப்பிள்ஸ் நகரின் சிபில்லோ, கூய்டோ குழுவினர் எதிராகக் கண்டார்கள்: மீள்தன்மையுள்ள சூழலில் சாதாரணத் துளியை உடைக்க மயிர்த்துளை எண் கூடவேண்டும். அவர்கள் காட்டிய வடிவம் தெளிவானது. சூழலின் இழுவிசை துளியைப் பாய்ச்சலின் திசைக்குச் சரிக்கிறது. சரிந்த துளி, இழுவை பலமாக உள்ள அந்த 45 பாகைச் சாய்வை விட்டு விலகிவிடுகிறது. குறைவாக நீளும், மெதுவாக நீளும், உடையத் தாமதிக்கும்.

யாரைப் பிடிப்பது? பழைய பரிசோதனைகள் பலவற்றில், மீள்தன்மையோடு சேர்ந்து பிசுக்குமையும் வேகத்தோடு மாறியது. எது எதனால் என்று பிரிக்க முடியாது. இதற்காகவே டேவிட் போகர் 1977இல் ஒரு திரவம் செய்து காட்டினார். தடித்த சீனிப்பாகில் பொலிஅக்ரிலமைட்டு என்ற நீளச் சங்கிலிப் பொருளைத் துளியளவு சேர்த்தது அது. பிசுக்குமை மாறாது, மீள்தன்மை மட்டும் இருக்கும். பின்னாளில் பலர் இதைத்தான் கையாண்டார்கள். ஆனால் மிக்ரி குழுவும் போகர் திரவங்களையே எடுத்தது, முடிவு வேறாக வந்தது. ஆகவே பிசுக்குமை மாறுவதை மட்டும் காரணம் சொல்லித் தப்பமுடியாது. துளியும் மீள்தன்மை உடையதா, எந்த அளவு விகிதத்தில், துளி சுவருக்கு எவ்வளவு அருகில், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் சேரும். என் தெரிவு இதுதான்: மெதுவான, நிலையான சறுக்கலுக்கு நேப்பிள்ஸ் குழுவின் படத்தை நம்புவேன். மீள்தன்மை பலமாகி வேகமும் கூடிய இடங்களில் அதை நீட்டிப் பார்க்கமாட்டேன்.

அந்த இடங்களில் நடப்பது விசித்திரம். 1996இல் லெவிட், மக்கோஸ்கோ குழுவினர், துளி பாய்ச்சலின் திசையில் மட்டும் நீளாமல் பக்கவாட்டில் தகடாக விரிவதைக் கண்டார்கள். 1999இல் ஹொப்பியும் மிக்லரும், மீள்தன்மையுள்ள துளி பாய்ச்சலுக்குக் குறுக்கே நீண்டு படுப்பதைக் காட்டினார்கள். தகடாக விரிவது என்ற வார்த்தையை ஞாபகம் வையுங்கள், பேசினில் அது திரும்ப வரும்.

நீண்ட துளி நூலானபின் என்ன ஆகும் என்பது பழைய அறிவு. தன் சுற்றளவைவிட நீளமான திரவ நூல் நிலைக்காது என்று பெல்ஜியத்து ஜோசப் பிளாட்டோ 19ஆம் நூற்றாண்டிலேயே காட்டினார்; ரேலி அதற்குக் கணக்குப் போட்டார்; 1935இல் டொமோட்டிகா, பிசுக்கான சூழலில் கிடக்கும் பிசுக்கான நூலுக்கு அதை விரித்தார். மீள்தன்மை இங்கேயும் தடைபோடும். சாதாரண நூலின் இடுப்பு சீராக மெலிந்து குறித்த நேரத்தில் அறும். மீள்தன்மையுள்ள நூல் மெலிய மெலிய இன்னும் மெதுவாக மெலியும், மணிகள் கோத்த சரமாக வெகுநேரம் தொங்கும். அதற்குள் அச்சு குளிர்ந்துவிட்டால் நூல் நூலாகவே உறைந்துவிடும்.

உடைந்தவையும் தனியே நிற்பதில்லை. 20 பங்கு துளி என்பது நெரிசல். இரண்டு துளிகள் முட்டி, நடுவிலுள்ள மெல்லிய படை வடிந்து போனால் ஒன்றாகிவிடும். பரலின் மெதுவான மூலைகளில், டைக்கு முன்னால், அச்சுக்குள் குளிரும்வரை இது நடந்துகொண்டே இருக்கும். நூற்றுக்கு ஒன்று மாதிரிப் போட்டால் இந்தத் தொல்லை இராது. உங்கள் அளவில் இருக்கும்.

இனி என்ன செய்யலாம் என்று பார்ப்போம். சூட்டை 190 பாகைப் பக்கம் இறக்குங்கள். பொலிப்புரொப்பிலீன் 165 பாகையளவில் உருகும், அதனால் இடம் இருக்கிறது. மோட்டாரின் அம்பியரைப் பார்த்துக்கொண்டு ஐந்தைந்து பாகையாக இறக்குங்கள், சுமை ஏறினால் நிறுத்துங்கள். அரைத்த பையையும் கதிரைத் துண்டையும் ஹொப்பருக்குள் போடும் முன்பே நன்றாகக் கலவுங்கள். மில்லிமீற்றரிலிருந்து மைக்ரோமீற்றருக்கு இறங்கும் பெரும்பகுதி, பொருள் உருகத் தொடங்கும் அந்த முதல் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே, தகடாக விரிந்து ஓட்டை விழுந்து கிழிந்து முடிந்துவிடுகிறது. அங்கே கட்டியாகப் போனது கடைசிவரை கட்டிதான்.

அடுத்தது பாய்ச்சலின் வகையை மாற்றுவது. இறுகிய துளியை உடைக்க நீட்டிப் பாய்ச்சல் வேண்டும் என்று பார்த்தோம். அதற்கு நான்கு உருளை தேவையில்லை. அகன்ற இடத்திலிருந்து ஒடுங்கிய துளைக்குள் உருக்கு நுழையும்போதெல்லாம் நீட்சி உண்டாகிறது. இடியப்ப உரலில் மா துளைக்குள் இறங்கும் அதே இடம்தான். டைக்கு முன்னால் துளைத்தகடும் கம்பிவலைகளும் வைத்தால் உருக்கு ஒவ்வொரு கண்ணிலும் நுழைந்து நுழைந்து நீளும், குப்பையும் நிற்கும். அமுக்கம் ஏறும், கவனம். ஸ்குரூவின் நுனியில் ஒடுங்கிய இடுக்கைத் தாண்டவைக்கும் கலப்புப் பகுதி ஒன்றைக் கடைந்து போடமுடிந்தால் இன்னும் நல்லது. என்னைக் கேட்டால், வேகமான மோட்டாருக்குப் போடும் காசை இதில் போடுங்கள்.

இவ்வளவும் செய்து துளி சிறுத்தாலும் தோல் உரிவது முற்றாக நிற்கும் என்று வாக்குத் தரமாட்டேன். உரிவதற்கு நேரடிக் காரணம் அச்சுக்குள் இருக்கிறது. உருக்கு அச்சுக்குள் பாயும்போது, குளிர்ந்த சுவரை ஒட்டி மிகக் கடுமையான சறுக்கல். அங்கே துளிகள் தகடாக விரிந்து சுவருக்குச் சமாந்தரமாகப் படுத்து, திரும்பச் சுருங்க நேரம் இல்லாமல் உறைகின்றன. இரண்டு பிளாஸ்டிக்குக்கும் ஒட்டு இல்லாததால் நகத்துக்கு அந்தத் தகடு கழன்று வருகிறது. ஆகவே அச்சைச் சற்று சூடாக வையுங்கள், உருக்கைச் செலுத்தும் வேகத்தைக் குறையுங்கள். ஒரு துண்டைக் குளிர்ப்பெட்டியின் ஐஸ் தட்டில் ஒரு இரவு வைத்து, எடுத்த கையோடு முறித்துப் பாருங்கள். அந்தக் குளிரில் பொலிப்புரொப்பிலீன் மடமடவென்று முறியும், முறிந்த முகத்தில் விளிம்போரத் தகடுகள் கைவில்லையிலேயே தெரியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் இப்படி ஒரு துண்டு முறித்து, பெயர் எழுதி வையுங்கள்.

ஒட்டவைக்கும் பொருள் சேர்ப்பதுதான் நிரந்தர வழி. பாதி எதிலீன், பாதி புரொப்பிலீன் குணம் உள்ள சங்கிலிகள் எல்லையில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் தைத்துவிடும், துளிகள் மறுபடி சேர்வதையும் தடுக்கும். 2017இல் ஜெஃப்ரி கோட்ஸ், ஃபிராங்க் பேட்ஸ் குழுவினர் இதே சோடிக்கு நான்கு துண்டங்கள் கோத்த சங்கிலி ஒன்றைச் செய்து, நூற்றுக்கு ஒரு பங்கு சேர்த்தாலே நொறுங்கும் கலவை உறுதியாவதைக் காட்டினார்கள். அதே சரக்கு உங்கள் கைக்கு வராது. எதிலீனும் புரொப்பிலீனும் கலந்து செய்த ரப்பர்த்தன்மையுள்ள பொருட்கள் சந்தையில் உண்டு, அவற்றில் ஐந்து பங்கு போட்டுப் பாருங்கள். அது கிடைக்கும்வரை பையின் பங்கை 20இலிருந்து 10க்கு இறக்குவதே மலிவான வைத்தியம்.

இன்னொன்று. கடற்கரைப் பக்கம் சேர்க்கும் கழிவில் நைலோன் வலைத் துண்டுகள் கலந்து வரும். சாதாரண வலை நைலோன் 220 பாகையில்தான் உருகும். 190இல் ஓட்டினால் அது துளியாகவே மாறாது, நாராகவே பேசினுக்குள் போய்க் கிடக்கும். அதன் அடர்த்தி 1.14, தண்ணீர்த் தொட்டியில் கழுவும்போது தாழ்ந்துவிடும். அடியில் தங்குவதை அள்ளித் தனியாகப் போடுங்கள்.